எட்டத்தில் கேட்ட கிடார்

போன வாரம் கடையைப் பக்கத்துத் தெருவுக்கு மாற்றினேன். இருபது வருஷச் சாமான். கருகிய யூனிட், கிழிந்த ஸ்பீக்கர், எலி கடித்த ஒயர் என்று எடைக்குப் போட வேண்டியதெல்லாம் ஒரு பக்கம் குவிந்துகொண்டிருந்தது. ஓட்டப்பிடாரம் பக்கத்திலிருந்து வந்த மைக்செட்காரர் ஒருவர், தனக்கு ஆகிற சாமான் ஏதாவது கிடைக்குமா என்று அந்தக் குவியலைக் கிண்டினார். செங்கல் அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து, அதன் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரித் துண்டுகளைச் சத்தமாக வாசித்தார்.

“வயிறு, தொண்டை, பல்... இது டாக்டர் வீட்டு மிஷினா அண்ணாச்சி?”

நான் பதில் சொல்வதற்குள் மிச்சம் இருந்த இரண்டையும் வாசித்துவிட்டார். கோவம். கிணறு. பெட்டியை மெதுவாகக் கீழே வைத்துக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். செய்வினைச் சாமான் ஒன்றும் இல்லையே என்று கேட்டார்.

சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு கொஞ்ச நேரம் எனக்கு வேலை ஓடவில்லை. அது உன் கையெழுத்து. ‘தொண்டை’யில் வருகிற ‘ண்’ணுக்கு நீ எப்போதும் ஒரு சுழி கூடப் போடுவாய். பள்ளிக்கூடத்தில் அதற்கு அடியும் வாங்கியிருக்கிறாய். பிளாஸ்திரி பழுப்பேறி ஓரமெல்லாம் சுருண்டுவிட்டது. அந்தக் கூடுதல் சுழி அப்படியே இருந்தது.

உனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. நீ இருந்தபோது எழுதியதில்லை. ரெண்டு தெரு தள்ளி இருக்கிறவனுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்?

பத்தாம் வகுப்போடு நாம் இருவரும் பள்ளிக்கூடத்தை விட்டோம். நீ மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற பட்டறைக்குப் போனாய். நான் செத்த ரேடியோக்களை வாங்கிப் பிரித்து, உயிர் இருக்கிற பாகங்களை மட்டும் விற்கிற தொழிலுக்குப் போனேன். பிறகு மஞ்சப்பை நிறைய குழாய் ஸ்பீக்கருக்கு வேண்டிய உதிரிச் சாமான்களைப் போட்டுக்கொண்டு விளாத்திகுளம், எட்டயபுரம் என்று பஸ் ஏறி, மைக்செட் வைத்திருக்கிறவர்களைத் தேடித் தேடி விற்றேன். கோவில்பட்டியில் எனக்கென்று ஒரு கடை வந்தது அப்படித்தான். ‘யாவாரி’ என்று நீ எனக்குப் பெயர் வைத்ததும் அந்த நாளில்தான். அதில் பாதி கேலி. மீதி என்ன என்று நான் கேட்டதில்லை.

உன் கையில் காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ் வாடை போகவே போகாது. கிடாரைத் தொடுவதற்கு முன்னால் மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பாய். அப்புறம் மண்ணெண்ணெய் வாடை போகாது. சர்ச்சில் பாடுகிறவர்களுக்கு வாசித்துப் பழகிய கை. தொண்ணூறுகளில் கொடை என்கிற ஊர்க் கோயில் திருவிழாக்களுக்குப் பாட்டுக் கச்சேரி நடத்துகிற ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்துகொண்டாய். பகலில் பட்டறை, கொடைக் காலத்தில் மேடை.

கொடைக்கு எல்லோரும் சாமி கும்பிடப் போவார்கள். நான் எந்தக் குழாய் ஸ்பீக்கர் கிழிந்திருக்கிறது என்று காதைக் கொடுத்துக்கொண்டு போவேன். பஸ் நிறுத்தத்திலிருந்து ஊருக்குள் நடக்கும்போதே எந்தக் கம்பத்துக் குழாய் அழுகிறது என்று தெரிந்துவிடும். அந்த மைக்செட்காரர் மறுநாள் என் கடைக்கு வந்தாக வேண்டும். அப்படி நடக்கும்போது, பாடுகிறவர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்குகிற இடத்தில் உன் கிடார் வரும். நாலே நாலு சுரம். அது வந்ததும் குழாயை மறந்துவிடுவேன். கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரி இருக்கும். பாட்டு யாருடையதோ, அந்தப் பதில் உன்னுடையது.

உன் ஆம்ப்ளிஃபயர் நீயே டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிச் செய்தது. கொடைக்கு வருகிற ஜெனரேட்டரில் மாட்டினால் அது உறுமும். குழுவை நடத்தியவரை எல்லோரும் மாஸ்டர் என்போம். அவர் உறுமலைத் தாங்காமல் கையைக் கீழே கீழே என்று காட்டுவார். நீ குறைப்பாய். உறுமலோடு கிடாரும் சேர்ந்து குறையும். ரெண்டாயிரம் பிறந்த சமயத்தில் நீ மேடையில் நிற்பது தெரியும், வாசிப்பது தெரியாது என்கிற நிலைமைக்கு வந்துவிட்டாய். போட்டோவுக்கு மட்டும் நிற்கிறேன் என்று நீயே சொல்லிச் சிரித்தாய்.

அந்தச் சமயத்தில்தான் மாஸ்டர் புதுக் கீபோர்டு பார்க்க என் கடைக்கு வந்தார்.

கடை வாசலில் இருந்த பெரிய ஸ்பீக்கரில் அதை மாட்டி, ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிக் காட்டினேன். புல்லாங்குழல், வயலின், நாதஸ்வரம். அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. வாங்கியே இருப்பார். நான் அதோடு விட்டிருக்கலாம். கிடார் பொத்தானை அமுக்கி நாலு சுரம் வாசித்துக் காட்டி, “மாஸ்டர், கிடாரும் இதுலயே இருக்கு. தனியா ஒரு ஆளைக் கூட்டிட்டுத் திரியணும்னு இல்ல” என்றேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். விற்கிறவனுக்கு வாய், கை மாதிரி. தானாக நீளும்.

ஒரு மாதம் கழித்து, மாஸ்டர் உன்னைக் கூப்பிட்டுப் பேசியதாக நீ வந்து சொன்னாய். பங்குனியில் ரெண்டு கச்சேரி ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த ரெண்டுக்குள் கிடார் ஊருக்குக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கீபோர்டே போதும். கோபமாகச் சொல்லவில்லை, தன்மையாகத்தான் சொன்னார் என்று அவருக்காகப் பேசவும் செய்தாய். கீபோர்டு எந்தக் கடையில் வாங்கியது என்று உனக்குத் தெரியும். பொத்தான் கதை உனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, நான் ஸ்பீக்கர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தேன்.

இந்தக் கறுப்புப் பெட்டி வந்தது அதற்கப்புறம். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒருவர் பழைய டேப், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் மொத்தமாகத் தள்ளிவிட்டார். அதில் கிடந்தது. கிடார் ஒயரை மாட்டுகிற ஓட்டை இருந்ததால் உன்னைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன். செய்ததற்குப் பரிகாரமா என்று கேட்டால், இருக்கலாம். அன்றைக்கு அந்த வார்த்தை என் மனசில் இல்லை.

அது ஆம்ப் மாடலர் என்பதை அட்டைப்பெட்டியில் படித்துத் தெரிந்துகொண்டோம். பெரிய பெரிய கிடார் ஆம்ப்ளிஃபயர்களின் குரலையெல்லாம் கணக்காக்கித் தனக்குள் வைத்துக்கொண்டு, அதேபோலப் பேசுகிற டிஜிட்டல் சாமான். உறுமுகிற உன் ஆம்ப் இனி வேண்டாம். இதிலிருந்து ஒரு ஒயரை நேராக மைக்செட்டுக்குக் கொடுத்தால் போதும். ஹெட்போனை மாட்டி ஒரே ஒரு கம்பியைத் தட்டினாய். கண்ணை மூடிக்கொண்டாய். அந்தக் கம்பி அடங்கி முடிகிறவரை திறக்கவில்லை.

“ல யாவாரி, இதுக்குள்ள ஒரு பெரிய ஹால் இருக்கு” என்றாய்.

அதற்கப்புறம் பட்டறையில் சாப்பாட்டு நேரம் என்றால் நீ என் கடைப் பின்கட்டில் இருப்பாய். அதில் பேஸ், மிட், ட்ரெபிள், கெயின், ரிவெர்ப் என்று ஐந்து குமிழ். ஒவ்வொன்றாகத் திருகுவாய். எப்படி இருக்கிறது என்று கேட்டால், “ஒரு மாதிரி இருக்கு” என்பாய். எனக்கு எரிச்சல் வரும். வத்தல் மண்டிக்குப் போய்ப் பார், ஒரு மிளகாய் வத்தலுக்கு அங்கே எத்தனை சொல் வைத்திருக்கிறார்கள், நீ என்னடா என்றால் பத்து நாளாக ஒரு மாதிரி, ஒரு மாதிரி என்கிறாயே என்று சத்தம் போட்டேன். சரக்குக்குப் பேர் இல்லாமல் எப்படித் தரம் பிரிப்பது?

அப்படித்தான் பேர் வைத்தோம். கீழே கும் என்று நிற்பது வயிறு. மேலே கிறீச் என்று கடிப்பது பல். ரெண்டுக்கும் நடுவில், மனுஷன் பேசுகிற இடம் இருக்கிறதே, அது தொண்டை. கெயினைக் கூட்டினால் கம்பி கரகரத்துக் கத்தும், அது கோவம். ரிவெர்ப் என்பது கிணற்றுக்குள் நின்று கூப்பிட்டால் வருகிற சத்தம்; ஆகையால் கிணறு. ஹெட்போனில் உனக்குப் பிடித்தது வயிறு நிறைய, பல் நிறைய, கிணறு ஆழமாக. தொண்டையைத் தொடவே மாட்டாய். அது உன் காதுக்கு அசிங்கமாக இருந்தது.

இதெல்லாம் போக, பின்பக்கம் சின்னதாக ஒரு சுவிட்ச் இருந்தது. அதைப் போட்டால், கிடார் சத்தம் ஒரு மரப்பெட்டி ஸ்பீக்கரிலிருந்து வருகிற மாதிரி அந்தப் பெட்டியே நடிக்கும். ஸ்பீக்கர் இல்லாதவர்களுக்காக வைத்தது என்று நானே முடிவு கட்டினேன். நம்மிடம்தான் ஊர் பூராவும் நிஜ ஸ்பீக்கர் இருக்கிறதே, அசல் இருக்கையில் போலி எதுக்கு என்று அந்தச் சுவிட்சைப் போடாமல் அமர்த்திவைத்தேன். போலிச் சாமானோடு மல்லுக்கட்டியே தொழில் பழகியவன் நான். நீயும் தலையை ஆட்டினாய். வியாபார விஷயத்தில் என் பேச்சை நீ தட்டியதில்லை.

முதல் கச்சேரி எட்டயபுரம் தாண்டி ஒரு ஊர்க் கொடை. வெயில் இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார்கள். மேடைக்குப் பெட்டி ஸ்பீக்கர் வைக்கிற வசதி அந்த ஊரில் இல்லை. கம்பத்துக்குக் கம்பம் குழாய்தான். முதல் பாட்டில் உன் முறை வந்தது. நான் கோயிலுக்குப் பின்னால், தெருக் கோடியில் நின்றுகொண்டிருந்தேன்.

கேட்டது கிடார் இல்லை. ஜிர்ர் என்று ஒரு இரைச்சல். ஒரு குழாயில் வந்தது அடுத்த குழாயில் கொஞ்சம் தாமதித்து வந்து, அதன் மேல் பெட்டிக்குள் இருக்கிற கிணறும் சேர்ந்து, எது சுரம் எது எதிரொலி என்றே பிரிக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவர் அண்ணாந்து கம்பத்தைப் பார்த்து, எவனோ குளவிக்கூட்டைக் கலைத்துவிட்டான் என்று சொல்லித் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார். மெய்யாகவே பயந்துதான் போட்டார். அவருக்குக் கேலி செய்யத் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு வலித்தது.

மூன்றாவது பாட்டோடு மாஸ்டர் உன் ஒயரை உருவச் சொல்லிவிட்டார். மேடையை விட்டு இறங்கியதும் அவர் உன்னிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

“அடுத்த வாரம் விளாத்திகுளம் பக்கம் சர்ச் பண்டிகை. அதுலயும் இந்தக் கதைன்னா, கிடாரை வீட்டுல வச்சிட்டு வாங்க. உங்களை வரவேண்டாம்னு சொல்லல. டம்பரின் ஆட்டுததுக்கு ஒரு ஆள் வேணும்லா.”

நீ சரி என்று தலையாட்டினாய். பதினைந்து வருஷம் கிடார் பிடித்தவன் கையில் கிலுகிலுப்பை. பஸ்ஸில் திரும்பி வரும்போது கிடாரை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாய். சுவிட்சை அமர்த்தச் சொன்னவன் நான். அதையும் நீ சொல்லிக்காட்டவில்லை.

மறுநாள் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். மண்டியில் வத்தலை டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து விலை பேசுகிறவன் ஏமாளி. வெளியே அள்ளிவந்து வெயிலில் போட்டுப் பார்க்க வேண்டும். நாம் ஹெட்போனில் பார்த்து எடுத்த சரக்கைக் குழாயில் விற்கப் போயிருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை நீ ஆராதனை முடிந்து வந்ததும், என் மொபெட்டில் ரெண்டு நடையாக ஒரு குழாய், கார் பேட்டரியில் ஓடுகிற ஆம்ப்ளிஃபயர், பேட்டரி, உன் கிடார், தூக்குவாளியில் டீ எல்லாவற்றையும் ஊருக்கு வெளியே கொண்டுபோனோம். பருத்தி எடுத்து முடித்த நிலம். கரிசல் கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. வேலிக்கருவையில் குழாயைக் கட்டினோம். பெட்டிக்கும் அதே பேட்டரியிலிருந்து நீ ஒரு லைன் இழுத்தாய். நீ வாசித்ததும், பருத்தி மாரில், அந்தக் காய்ந்த செடிகளில், மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் மொத்தமாகத் தலையைத் தூக்கி, அடுத்த புஞ்சைக்கு ஓடின.

ஆட்டுக்காரக் கோனார் கம்போடு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் நிதானமாக, “என்ன தம்பி, ஆட்டைப் பத்துததுக்குப் புது மிஷினா?” என்றார்.

அவருக்கும் சேர்த்து டீயை ஊற்றினேன். எந்தக் கடையில் வாங்கினேனோ, வடிகட்டாத டீ. நீ ஒரு வாய் குடித்துவிட்டு நாக்கிலிருந்த தூளைத் துப்பினாய். இன்னொரு வாய் குடித்துத் துப்பினாய். அப்புறம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

“ல யாவாரி. இந்தத் தூள் அசலா போலியா?”

அசல்தான், அதில் என்ன சந்தேகம் என்றேன்.

“அப்ப நான் ஏன் துப்புதேன்?”

எனக்குப் புரியவில்லை. நீ எழுந்துபோய்ப் பெட்டியின் பின்னால் இருந்த அந்தச் சுவிட்சைப் போட்டாய். “நீ போலி போலின்னு அமத்தி வச்சியே, இது போலி இல்ல. வடிகட்டி. மரப்பெட்டி ஸ்பீக்கரு தூளைப் பூரா தனக்குள்ளயே நிப்பாட்டிக்கிடும். தகரக் குழாய் நிப்பாட்டாது. அதான் ஊரு துப்புச்சு.”

கம்பியைத் தட்டினாய். குளவி இல்லை. முழுசாக நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கிடார் என்று தெரிந்தது. என் வாழ்க்கையில் அசல், போலி என்று நான் தப்பாகத் தரம் பிரித்த சரக்குகள் கொஞ்சம்தான். அதில் பெரியது இது. ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம் நான் நடந்தேன். வெடிப்பைத் தாண்டித் தாண்டி ஐம்பது தப்படி, நூறு தப்படி. நீ ஒவ்வொரு குமிழாகத் திருப்ப, நான் துண்டை ஆட்டிச் சொன்னேன். வயிற்றைக் கூட்டினால் தூரத்தில் வயிறு கேட்கவில்லை, குழாய்தான் அதிர்ந்தது; குறைக்கச் சொன்னேன். பல் குழாய்க்குத் தன்னாலேயே நிறைய இருக்கிறது. அதையும் குறைக்கச் சொன்னேன். கிணற்றை அடியோடு மூடச் சொன்னேன். கம்பத்துக்குக் கம்பம் குழாய் கட்டின ஊர் தானே ஒரு கிணறு, அதற்குள் இன்னொரு கிணறு எதற்கு? கோவம் பாதி. கடைசியில், நீ தொடாமல் வைத்திருந்த தொண்டையை ஏற்று ஏற்று என்று துண்டைச் சுழற்றினேன். இருநூறு தப்படியில் நின்றபோது உன் நாலு சுரமும் ஒவ்வொன்றாக, பிசிறில்லாமல் வந்தன. வேலியில் சாய்ந்திருந்த கோனார், “இப்ப மேயுது பாருங்க” என்றார். ஆடுகள் திரும்பி வந்து மாரைக் கடித்துக்கொண்டிருந்தன.

நான் சந்தோஷமாக ஓடிவந்தேன். நீ ஹெட்போனை மாட்டி அதே நிலையில் வாசித்துப் பார்த்துவிட்டு, கழற்றிப் பெட்டி மேல் போட்டாய். முகம் செத்துப்போயிருந்தது. சளி பிடித்தவன் மூக்கால் பேசுகிற மாதிரி இருக்கிறது என்றாய். இதை மேடையில் வாசிக்க மாட்டேன் என்றாய்.

எனக்குக் கோபம் வந்தது. “நீ வாசிக்கது உன் காதுக்கா, ஊருக்கா?” என்று கேட்டேன்.

“என் காதுக்குப் பிடிக்காதத என் விரல் வாசிக்காது ல. நீ சரக்கு விக்கவன். உனக்கு அது விளங்காது.”

உண்மைதான், விளங்கவில்லை. ஆனால் சரக்கு விற்கிறவனுக்கு ஒன்று தெரியும். வாங்குகிறவன் நிற்கிற இடத்தில் போய் நின்று பார்க்காதவன் ஒரு நாளும் விற்க மாட்டான். கிடாரை உன் கழுத்திலிருந்து கழற்றி என் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நீ போய் நில் என்றேன்.

எனக்கு வாசிக்கத் தெரியாது. நாலு கம்பியை மேலிருந்து கீழே, ஒன்றன் பின் ஒன்றாகத் தட்டினேன். அதையே திரும்பத் திரும்பத் தட்டினேன். நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தாய். ஐம்பது, நூறு, இருநூறு. நான் நின்ற இடத்தையும் தாண்டிப் போனாய். ஓடைக்கரைப் பனை வரைக்கும் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். அங்கே என்ன கேட்டாய் என்று எனக்குத் தெரியாது. கோனார் இரண்டு தடவை என்னிடம், தம்பி நிறுத்திக்கிடலாமே என்று சொல்லிவிட்டார். நான் நிறுத்தவில்லை.

திரும்பி வந்தாய். பட்டறையில் விரல் கிழிந்தால் ஒட்டுவதற்கென்று எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கிற பிளாஸ்திரியை எடுத்தாய். துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு குமிழுக்கும் மேலே ஒட்டி, பேனாவால் பேர் எழுதினாய். குமிழ் நின்ற நிலைக்கு நேராக ஒரு கோடும் போட்டாய். ஹெட்போனைச் சுருட்டி என்னிடம் கொடுத்தாய். இனி இது உன் கடையிலேயே இருக்கட்டும் என்றாய்.

விளாத்திகுளம் பக்கத்துச் சர்ச் பண்டிகையில் கச்சேரி மூன்று மணிக்கே வைத்துவிட்டார்கள். அது முடிந்துதான் அசனம், ஊர்ப் பந்தி. சர்ச்சுக்குப் பின்னால் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். கடைசிக் குழாய் அவர்களுக்கு மேலே இருந்த கம்பத்தில்தான். நான் அங்கே போய் நின்றேன். மேடையில் உனக்கு உன் சத்தம் சரியாகக் கேட்டிருக்காது. கேட்ட கொஞ்சமும் உனக்குப் பிடிக்காத சத்தம். நீ எந்த நம்பிக்கையில் விரலை வைத்தாய் என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

பாடினவர் மூச்சு வாங்கினார். நாலு சுரம் வந்தது. ஒரு பெண் அரிவாள்மனையிலிருந்து நிமிர்ந்து, “ஏட்டி, இது நம்ம கோயில்ல வாசிக்கவுகளா?” என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். இல்லை, அது வேறு ஆள் என்றாள் அவள். ரெண்டு பேரும் அடுத்த வரிக்குக் காத்திருந்தார்கள். வந்தது. மறுபடி வெங்காயம் உரித்தார்கள், தலையைக் கொஞ்சம் ஆட்டிக்கொண்டு. வெங்காயத்துக்குப் பக்கத்தில் நின்றதால் என் கண் கலங்கியதற்கு ஒரு காரணமும் கைவசம் இருந்தது.

மாஸ்டர் புகழ்ந்தெல்லாம் பேசவில்லை. பந்தியில் உனக்கு எதிரே உட்கார்ந்து, சித்திரையில் அஞ்சு கச்சேரி இருக்கு, பட்டறையில் லீவு சொல்லிருங்க என்றார். அவ்வளவுதான். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய், வாயில் வைக்க மறந்து.

வெயில் சாயத் திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உன் இடம் பிழைத்துவிட்டது, இனிச் சொல்லலாம் என்று நினைத்தேனோ என்னவோ. மாஸ்டரிடம் கீபோர்டை விற்றபோது கிடார் பொத்தானை அமுக்கிக் காட்டியது நான்தான், ஆள் வேண்டாம் என்று சொன்ன வாயும் என் வாய்தான் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ ஆச்சரியப்படவில்லை.

“தெரியும். நான் அன்னைக்கு உன் கடைக்குத்தான் வந்துகிட்டிருந்தேன். நீ அமுக்குனது ரோட்டுக்கு அங்கிட்டு வரைக்கும் கேட்டுச்சு. அங்கனயே நின்னுட்டேன்.”

ஏன் உள்ளே வந்து சட்டையைப் பிடிக்கவில்லை என்று கேட்டேன்.

நீ ஜன்னல் பக்கம் திரும்பினாய். கரிசல் ஓடிக்கொண்டே இருந்தது. “எட்டத்துல அந்தப் பொத்தான் கிடாரு நல்லாத்தான் இருந்துச்சு ல. அதான் பயந்துட்டேன்” என்றாய்.

அதற்கப்புறம் நாம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஐந்தாறு வருஷம் வாசித்தாய். ஒரு தை மாதம், பட்டறையில் மோட்டாருக்கு முன்னால் குனிந்தவன் நிமிரவில்லை என்று ஆள் வந்து சொன்னார்கள். நான் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். உன் வீட்டுக்காரி கிடாரைச் சர்ச்சுக்குக் கொடுத்துவிட்டாள். சரியான இடம்தான். பெட்டியை என் கடைக்கே அனுப்பிவிட்டாள்.

எனக்கு என்ன மிச்சம் என்று நீ கேட்டால், வியாபாரியிடம் கேட்க வேண்டிய கேள்விதான். நான் இன்னும் சாமான் விற்கிறேன். புதுசு புதுசாக வருகிறது. ஒரு ஆள் வேலையை ஒரு பொத்தானில் அடக்குகிற சாமான்தான் அதில் அதிகம். வாங்க வருகிறவர் கேட்டால் போட்டும் காட்டுகிறேன். பொய் சொல்வானேன், விற்கத்தான் செய்கிறேன். ஆனால் பொத்தானை அமுக்குவதற்கு முன்னால் ஒரு தடவை தலையைத் தூக்கி, ரோட்டுக்கு அங்கிட்டு யாராவது நிற்கிறார்களா என்று பார்க்கிறேன். யாராவது நின்றால், இங்கன வாங்க அண்ணாச்சி, பக்கத்துல வந்து கேளுங்க என்று கூப்பிடுகிறேன். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், பழம் வாங்க நிற்கிறவர்கள். ஏன் கூப்பிடுகிறேன் என்று அவர்களுக்கு விளங்குவதில்லை. சிலர் வருகிறார்கள்.